முகம் பிந்தி வரும் சாட்சி

மதுவுக்கு எதிரான பரப்புரை கல்லீரலிலிருந்து முகத்துக்கு இடம்பெயர்ந்து சில ஆண்டுகள் ஆகிவிட்டன. உள்ளுறுப்புகளின் படங்களைக் காட்டி அச்சுறுத்திய காலம் போய், கண்ணுக்குக் கீழே தொங்கும் பையும் சிவந்த மூக்கும் தளர்ந்த கன்னமும் முப்பதில் ஐம்பதாகத் தெரியும் தோற்றமுமே இன்று மேடைகளிலும் கைப்பேசித் திரைகளிலும் காட்சிக்கு வைக்கப்படுகின்றன. ‘குடித்தபோது’, ‘குடியை விட்ட பிறகு’ என்று இரண்டு ஒளிப்படங்களை அருகருகே வைக்கும் காணொளிகளை நம்முள் பலர் நல்லெண்ணத்துடன் பகிர்கிறோம். மாணவர்களிடம் பேச அழைக்கப்படும் மருத்துவர்கள்கூட ‘தோல் கெட்டுவிடும், சீக்கிரம் முதுமை தட்டிவிடும்’ என்றே தொடங்குகிறார்கள்.

இந்தப் பரப்புரையை மறுத்தே இதை எழுதுகிறேன். மதுவுக்குப் பரிந்து பேசுவது என் நோக்கமன்று; மதுவை எதிர்ப்பவர்கள் தவறான ஆயுதத்தைக் கையில் எடுத்திருக்கிறார்கள் என்பதே என் வாதம். மதுவின் கேட்டைப் பற்றிச் சொல்வதற்கு மனித முகம் தகுதியற்ற சாட்சி. அது பிந்தி வருகிறது. வந்தபின் தான் காணாததையும் சேர்த்துச் சொல்கிறது. அவ்வாறு சேர்த்துச் சொல்வது பெரும்பாலும் ஏழைக்கு எதிராகவே அமைகிறது.

மெய்யானவற்றை முதலில் வரிசைப்படுத்திக்கொள்வோம். மது தோற்றத்தை மாற்றுகிறது என்பதில் ஐயமில்லை. எத்தனால் தோலின் நுண்ணிய இரத்தக்குழாய்களை விரிவடையச் செய்கிறது. முகம் சிவப்பதும் சூடேறுவதும் அதனால்தான். சிறுநீரின் அளவைக் கட்டுப்படுத்தும் வாசோபிரெசின் என்ற இயக்குநீரை அது அடக்குவதால் உடல் நீரை இழக்கிறது. உறக்கத்தின் பிற்பகுதியை அது குலைக்கிறது. மறுநாள் காலையின் வீங்கிய இமைகளும் வாடிய தோலும் இவற்றின் விளைவுகளே. நெடுங்காலம் மிகுதியாகக் குடிப்பவர்களிடம் உணவு குறைந்து, வைட்டமின்களும் துத்தநாகமும் குன்றி, தோலும் முடியும் நலிகின்றன.

கல்லீரல் பழுதுபட்ட பிறகு தோன்றும் அடையாளங்கள் வேறு வகையானவை. ஈஸ்ட்ரோஜன் உரிய அளவில் சிதைக்கப்படாமல் தேங்குவதால் முகத்திலும் கழுத்திலும் மார்பிலும் சிலந்தி வடிவில் இரத்தக்குழாய்கள் புலப்படுகின்றன, உள்ளங்கைகள் சிவக்கின்றன. காதுக்கு முன்னுள்ள உமிழ்நீர்ச் சுரப்பிகள் வலியின்றிப் பருப்பதால் கன்னம் உப்பியதுபோல் தெரிகிறது. அதேவேளையில் நெற்றிப்பொட்டிலும் தோளிலும் தசை வற்றுகிறது. இறுதியில் கண்கள் மஞ்சளாகின்றன. இவையெல்லாம் மருத்துவ மாணவர்கள் பாடநூல்களில் படிப்பவை. நான் மறுப்பதற்கு இவற்றில் ஒன்றுமில்லை.

ஆயின் பரப்புரையில் அடிக்கடி எடுத்தாளப்படும் ஆய்வுகள் உண்மையில் என்ன சொல்கின்றன என்று பார்க்க வேண்டும். 2019இல் வெளியான பன்னாட்டு ஆய்வு ஒன்று அமெரிக்கா, ஆஸ்திரேலியா, கனடா, பிரிட்டன் ஆகிய நாடுகளைச் சேர்ந்த 3,267 பெண்களிடம் நடத்தப்பட்டது. கண்ணாடியில் தம் முகத்தைப் பார்த்து, தரப்பட்ட படங்களுடன் ஒப்பிட்டு, சுருக்கங்களையும் தொய்வையும் அவர்களே மதிப்பிட்டார்கள். வாரத்துக்கு 8 அல்லது அதற்கு மேற்பட்ட அளவைகள் குடித்தவர்களிடம் நெற்றிச் சுருக்கம், கண்ணடி வீக்கம், நடுமுகத்தின் சதை குறைதல், புலப்படும் இரத்தக்குழாய்கள் ஆகியவை மிகுந்திருந்தன. இந்த ஆய்வுக்கு நிதியளித்தது அல்லர்கன் நிறுவனம். சுருக்கத்தை மறைக்கும் போடாக்ஸ் ஊசியை விற்பதும் அதே நிறுவனம்தான். நிதி எங்கிருந்து வந்தது என்பதாலேயே ஒரு முடிவு பொய்யாகிவிடாது. ஆனால் மதுவைப் பற்றிக் கேட்கக்கூடிய எண்ணற்ற கேள்விகளுள் சுருக்கத்தைப் பற்றிய கேள்வி ஏன் இவ்வளவு விரிவாகக் கேட்கப்பட்டது என்பதை அது விளக்குகிறது.

2017இல் வெளியான கோபன்ஹேகன் நகர இதய ஆய்வின் முடிவு இதைவிடக் கூர்மையாகச் சிந்திக்க வைப்பது. 11,613 பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த அந்த ஆய்வு, முதுமையின் புற அடையாளங்கள் சிலவற்றை மதுவுடனும் புகையுடனும் பொருத்திப் பார்த்தது. மிகுதியாகக் குடித்தவர்களிடம் கருவிழியின் ஓரத்தில் தோன்றும் சாம்பல் நிற வளையம் கூடுதலாகக் காணப்பட்டது. ஆனால் குறைவாகவும் மிதமாகவும் குடித்தவர்கள், குடிக்காதவர்களைவிட முதியவர்களாகத் தோன்றவில்லை. ஆண்களின் வழுக்கைக்கும் மதுவுக்கும் தெளிவான தொடர்பு கிடைக்கவில்லை.

இங்கேதான் முகவாதம் முதல் முறையாக உடைகிறது. முகத்தில் தெரிவது பெரும்பாலும் மிகுதியான, நெடுநாளைய குடியின் விளைவு. மதுவின் கேடோ கண்ணாடியில் ஒன்றும் தெரியாத அளவிலேயே தொடங்கிவிடுகிறது. உலக நலவாழ்வு அமைப்பின் கீழுள்ள பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் மதுபானங்களை மனிதருக்குப் புற்றுநோய் விளைப்பவை என்று முதல் வகையில் சேர்த்தது 1988இல். வாய், தொண்டை, குரல்வளை, உணவுக்குழல், கல்லீரல், பெருங்குடல், பெண்களின் மார்பகம் ஆகியவற்றின் புற்றுநோய்களுடன் மதுவின் தொடர்பு நிறுவப்பட்டிருக்கிறது. தீங்கற்ற அளவு என்று ஒன்றும் இல்லை என உலக நலவாழ்வு அமைப்பு 2023 சனவரியில் வெளிப்படையாகச் சொன்னது. அதன் ஐரோப்பியப் பகுதியில் மதுவால் நேரும் புற்றுநோய்களில் பாதி, குறைந்த அல்லது மிதமான குடியால் வருபவை என்றும் அப்போதே சொல்லப்பட்டது.

அப்படியானால் ‘குடித்தால் முகம் கெடும்’ என்ற எச்சரிக்கை இருபத்தைந்து வயது இளைஞருக்கு என்ன செய்தியைக் கொண்டுசெல்கிறது? அவர் வெள்ளிக்கிழமை இரவு குடிக்கிறார். சனிக்கிழமை காலை கண்ணாடி பார்க்கிறார். முகம் பளிச்சென்றே இருக்கிறது. நாம் கற்றுக்கொடுத்த அளவுகோலின்படி அவருக்கு ஒரு குறையும் இல்லை. கல்லீரலில் கொழுப்பு படிவது வலிப்பதில்லை. சிரோசிஸ்கூடப் பல ஆண்டுகள் வெளியே ஒன்றும் காட்டாமல் இருக்கக்கூடும். கண் மஞ்சளாகும் நாளில் அவர் கண்ணாடியைப் பார்த்து நடுங்குவார். ஆனால் அந்த நாளில் மருத்துவர் செய்யக்கூடியவற்றின் பட்டியல் பெரிதும் சுருங்கியிருக்கும். கண்ணாடியை நலச்சான்றிதழாக மாற்றியவர்கள் நாம்தான்.

இரண்டாவது குறை, முகம் எதைச் சொல்கிறது என்பதே தெளிவில்லை என்பது. தோலை முதுமையாக்கும் புறக்காரணிகளுள் முதன்மையானது வெயில். 2012இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளியான ஓர் ஒளிப்படத்தைப் பலர் பார்த்திருப்பீர்கள். 28 ஆண்டுகள் சரக்கு வண்டி ஓட்டிய, 69 வயதான அமெரிக்க ஓட்டுநர் ஒருவரின் முகம் அது. சன்னல் பக்கமிருந்த இடக்கன்னம் மட்டும் தடித்து, ஆழமாக மடிந்து, தொங்கிப்போயிருக்கிறது. வலக்கன்னம் பல ஆண்டுகள் இளமையாகத் தெரிகிறது. ஒரே மனிதர், ஒரே உணவு, ஒரே உறக்கம். கண்ணாடியை ஊடுருவி வந்த புறஊதாக் கதிர் ஒன்றே வேறுபாடு. அந்த இடக்கன்னத்தை மட்டும் வெட்டியெடுத்து நம் விழிப்புணர்வுப் பதாகையில் ஒட்டினால், குடியின் விளைவு என்று நம்மில் எத்தனை பேர் ஐயமின்றி நம்பியிருப்போம்?

வெயிலுடன் புகை, புகையிலை, பசி, பல் இழப்பு, உறக்கமின்மை ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். புகை முகத்தில் இடும் கோடுகள் மதுவின் கோடுகளைவிட மிகுதி என்பதைச் சற்றுமுன் சொன்ன 2019ஆம் ஆண்டு ஆய்வே காட்டுகிறது. குடிப்பவர்களில் பலர் புகைப்பவர்களாகவும் இருக்கும்போது, ஒரு தனிமனிதரின் முகத்தைப் பார்த்து எந்தக் கோடு எதனால் வந்தது என்று பிரித்துச் சொல்லும் ஆற்றல் எந்த மருத்துவருக்கும் இல்லை. தெருவில் போகிறவருக்கு எப்படி இருக்கும்?

பெயர்களே நம்மை ஏமாற்றுகின்றன. ஆங்கிலத்தில் ‘விஸ்கி மூக்கு’ என்றும் ‘ஜின் மலர்ச்சி’ என்றும் வழங்கும் புடைத்துச் சிவந்த மூக்கு, ரோசேசியா என்ற தோல்நோயின் முற்றிய வடிவம். மது அந்நோய் உள்ள சிலரிடம் சிவப்பைத் தூண்டலாம். மூக்கு புடைப்பதற்கு மதுவே காரணம் என்பது நிறுவப்படாத நம்பிக்கை. ஒரு சொட்டும் குடிக்காதவர்களுக்கும் அது வருகிறது. நோய்க்குக் காரணத்தைப் பெயராகச் சூட்டிவிட்டால், பின்னர் மருத்துவம் எத்தனை முறை மறுத்தாலும் சொல் மறுப்பதில்லை. அந்த மூக்கைச் சுமப்பவர் வேலைக்கான நேர்காணலில் ஒவ்வொரு முறையும் தான் குடிப்பதில்லை என்று, கேட்கப்படாத கேள்விக்கு விடை சொல்ல வேண்டியிருக்கிறது.

சட்டம் இந்த இடத்தில் நம் விழிப்புணர்வுக் குழுக்களைவிடப் பொறுப்புடன் நடந்திருக்கிறது. 1971இல் பச்சுபாய் ஹசனல்லி கார்யானி வழக்கில், மூச்சில் மதுவாடை, தள்ளாடும் நடை, விரிந்த கண்மணி, குழறும் பேச்சு ஆகியவற்றை மட்டும் வைத்து ஒருவர் குடித்திருந்தார் என்று முடிவு செய்ய முடியாது, இரத்தம் அல்லது சிறுநீர் ஆய்வு வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் கூறியது. நேற்றிரவு குடித்தாரா என்பதற்கே புறத்தோற்றம் போதாது என்கிறது நீதிமன்றம். நாமோ ஒருவரின் முப்பது ஆண்டுகால வாழ்க்கையை அவர் கன்னத்திலிருந்து படித்துவிட்டதாக நினைக்கிறோம்.

மூன்றாவது குறையைப் பற்றிப் பேச மொழியியல் படித்தவளாக எனக்குக் கூடுதல் உரிமை உண்டு என்று கருதுகிறேன். ஒரே செயலுக்கு நாம் இரண்டு வினைகள் வைத்திருக்கிறோம். கட்டடத் தொழிலாளி ‘குடிக்கிறான்’. மேலாளர் ‘டிரிங்க்ஸ் எடுப்பார்’. இந்தியிலும் அப்படியே. ஒருவன் ‘பீதா ஹை’. இன்னொருவர் ‘டிரிங்க் கர்தே ஹைன்’. ஆங்கிலப் பெயர்ச்சொல்லைக் கடன்வாங்கித் துணைவினையுடன் ஒட்டியவுடன் செயலின் நாற்றம் போய்விடுகிறது. விகுதியில் மரியாதையும் ஏறிக்கொள்கிறது. தொழிலாளியின் செயல் அவனுடைய பெயராகவே உறைந்துவிடுகிறது. தமிழில் ‘-காரன்’ என்ற ஒட்டு பால்காரன், தோட்டக்காரன் என்று தொழிலையும் உடைமையையும் குறிப்பது. அதே ஒட்டு குடியுடன் சேர்ந்து, அவ்வப்போது செய்யும் செயலை நிலையான அடையாளமாக்கிவிடுகிறது. இந்தியில் ஊர்சுற்றியைக் குறிக்கும் ‘குமக்கட்’, மறதிக்காரரைக் குறிக்கும் ‘புலக்கட்’ ஆகியவற்றின் வரிசையில் வரும் ‘பியக்கட்’ என்ற சொல்லும் இதே வேலையைச் செய்கிறது. ‘சோஷியல் டிரிங்கர்’ என்று சொல்லப்படுபவருக்கு இந்த ஒட்டு ஒருபோதும் ஒட்டுவதில்லை.

முகத்துக்கும் இதே பாகுபாடுதான். ‘குடிகார மூஞ்சி’ என்ற தொடர் உண்டு. ‘குடிகார வதனம்’ என்று யாரும் சொன்னதில்லை. மூஞ்சி என்பது இழிவுக்கென்றே நாம் ஒதுக்கிவைத்த சொல். செல்வந்தர் நரைத்தால் ‘பழைய ஒயினைப் போல முதிர்கிறார்’ என்று ஆங்கிலத்திலிருந்து பெயர்த்து எழுதுகிறார்கள். மதுவால் நேரும் முதுமையைப் பேசும் இடத்தில் அதே மதுவே அழகிய முதுமைக்கு உவமையாகவும் வந்து நிற்கிறது. எந்த முகத்துக்கு எந்த உவமை என்பதை அவரவர் வருவாய் தீர்மானிக்கிறது.

நான் ஆய்வு செய்யும் வடமாநிலப் பல்கலைக்கழகத்தில் சென்ற பருவத்தில் வைக்கப்பட்ட பதாகை ஒன்று இதற்கு நல்ல சான்று. இடப்பக்கம் வெள்ளைத் தோலுடன் ஓர் இளைஞன். வலப்பக்கம் கறுத்து, கன்னம் ஒட்டி, தலை கலைந்த நடுவயது மனிதர். எந்த முகம் உங்களுக்கு வேண்டும் என்று கீழே ஒரு கேள்வி. பதாகைக்கு எதிரே புதிய கட்டடத்துக்குச் செங்கல் சுமந்துகொண்டிருந்த தொழிலாளர்களின் முகங்கள் வலப்பக்க மனிதரின் முகத்தைப் போலவே இருந்தன. அவர்கள் குடித்தார்களா என்பது பதாகை வைத்தவர்களுக்குத் தெரியாது. தெரிய வேண்டிய தேவையும் அவர்களுக்கு இல்லை. வறுமை வரைந்த முகத்தைக் குடி வரைந்த முகமாகப் படிக்க மாணவர்களைப் பழக்கியாயிற்று. நாளை இவர்களுள் சிலர் மாவட்ட ஆட்சியராவார்கள், மருத்துவராவார்கள், கூலி கேட்டு வருபவரின் முகத்தைப் பார்த்து, ‘கொடுத்தால் குடித்துத் தீர்த்துவிடுவான்’ என்று முடிவு செய்யும் இடத்தில் அமர்வார்கள்.

எண்கள் இந்தச் சித்திரத்துக்குத் துணைநிற்கவில்லை. சமூகநீதி அமைச்சகத்துக்காக அனைத்திந்திய மருத்துவ அறிவியல் கழகம் நடத்தி 2019இல் வெளியான நாடு தழுவிய கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் அருந்தப்படும் மதுவில் நாட்டுச் சாராயத்தின் பங்கு ஏறத்தாழ 30 விழுக்காடு. ‘இந்தியாவில் தயாரான அயல்நாட்டு மது’ என்று விந்தையான பெயர் கொண்ட வகையின் பங்கும் ஏறத்தாழ அதே 30 விழுக்காடு. நம் பதாகைகளில் முதலாவது வகை மட்டுமே முகம் பெறுகிறது.

பெண்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின் ஐந்தாம் சுற்று 2019 முதல் 2021 வரை எடுக்கப்பட்டது. அதன்படி 15 வயதுக்கு மேற்பட்ட ஆண்களில் 19 விழுக்காட்டினர் மது அருந்துகிறார்கள். பெண்களில் 1 விழுக்காட்டினர். இருந்தும் ‘மதுவும் முதுமையும்’ என்ற தலைப்பில் வரும் அழகுக் குறிப்புகளில் பெரும்பகுதி பெண்களை நோக்கியே எழுதப்படுகிறது. மேலே சொன்ன முக ஆய்வும் பெண்களிடம் மட்டுமே நடந்தது. பத்தொன்பது பேர் குடிக்க, ஒருவரை நோக்கி விரல் நீட்டுவதற்கு நலவாழ்வு அக்கறை என்று பெயரில்லை. பெண்ணின் முகம் பொதுச்சொத்து, அதன் சுருக்கத்துக்கு அவள் கணக்குக் காட்ட வேண்டும் என்ற பழைய ஆணைக்கு அறிவியல் உடை மாட்டியிருக்கிறார்கள்.

மது முதுமையாக்கும் பெண்முகம் ஒன்று உண்டு. அது குடிக்காத பெண்ணின் முகம். கூலிப்பணம் வீடு வந்து சேராத இரவுகளும், அடியும், பிள்ளைகளின் கல்விக்கட்டணத்துக்கு வாங்கிய வட்டிக்கடனும் அந்த முகத்தில் எழுதப்பட்டிருக்கின்றன. எத்தனாலின் ஒரு துளியும் அவள் உடலுக்குள் போகவில்லை. எந்தத் தோல் மருத்துவரின் அளவுகோலிலும், எந்தப் பதாகையின் வலப்பக்கத்திலும் அவளுக்கு இடமில்லை.

அந்தப் பெண்கள் பேசியபோது எப்படிப் பேசினார்கள் என்பதை நாம் அறிவோம். 1990களின் தொடக்கத்தில் ஆந்திரத்தின் நெல்லூர் மாவட்டத்தில், துபகுண்டா என்ற ஊரில் வெடித்த சாராய எதிர்ப்பு, முதியோர் எழுத்தறிவு வகுப்புகளோடு பிணைந்து வளர்ந்தது. எழுத்துக்கூட்டக் கற்ற பெண்கள் தம் வாழ்க்கையைப் போன்ற கதையைப் பாடப்புத்தகத்தில் படித்துவிட்டு, சாராயம் ஊருக்குள் வருவதைத் தடுத்தார்கள்; 1992இல் மாவட்டமெங்கும் சாராயக்கடை ஏலங்களை நிறுத்தப் போராடினார்கள். 1993 அக்டோபரில் மாநில அரசு சாராயத்தைத் தடை செய்தது. கணவரின் முகம் கெட்டுவிட்டது என்று சொல்லி அவர்கள் தெருவுக்கு வரவில்லை. கூலி எங்கே போகிறது, ஏலத்தில் யார் எடுக்கிறார்கள், குடிநீர் வராத ஊருக்குச் சாராயம் மட்டும் தவறாமல் எப்படி வருகிறது என்று கேட்டார்கள். எழுத்தறியத் தொடங்கிய அவர்கள் அரசையும் வணிகத்தையும் கேள்வி கேட்டபோது, முனைவர் பட்டம் பெற்ற நாம் கன்னத்தையும் இமையையும் பற்றிக் கருத்தரங்கம் நடத்துகிறோம்.

நான்காவது குறை இதிலிருந்து பிறப்பதே. முகத்தைப் பற்றிய அச்சம் மது வணிகத்துக்கு ஒரு கீறலையும் உண்டாக்குவதில்லை. தொலைக்காட்சியில் மது விளம்பரம் தடைசெய்யப்பட்டிருக்கிறது. ஆகவே மதுப்பெயர்கள் சோடாவாகவும் இசைத்தட்டாகவும் வந்து நிற்கின்றன. 2003இல் தொடங்கிய கிங்ஃபிஷர் நாட்காட்டி, பீர்ப்புட்டியைக் காட்டாமலேயே இளமையையும் அழகையும் அந்தப் பெயருடன் இணைத்துவிட்டது. இளமையை விற்பவரிடம் போய் இளமை போய்விடும் என்று வாதிடுவது அவர் களத்தில் அவர் விதிப்படி ஆடுவது. அந்த ஆட்டத்தில் தீர்வும் கடையிலேயே கிடைக்கிறது. கண்ணடி வீக்கத்துக்குக் களிம்பு, சுருக்கத்துக்கு ஊசி, ஒளிப்படத்துக்கு வடிகட்டி. நம் நகரங்களின் அழகு நிலையங்களில் ‘ஒயின் ஃபேஷியல்’ என்று விலைப்பட்டியலில் எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒருவரின் முகத்தைக் கெடுப்பதாகச் சொல்லப்படும் பொருளைப் பணம் கொடுத்து இன்னொருவர் முகத்தில் பூசிக்கொள்கிறார். களிம்பால் தீர்க்கக்கூடிய அச்சம் குடியை நிறுத்தாது, களிம்பைத்தான் விற்கும்.

‘இளைஞர்களுக்குக் கல்லீரலைப் பற்றி அக்கறையில்லை, அழகைப் பற்றித்தான் அக்கறை, பயன் தரும் வழி எதுவோ அதைப் பின்பற்றுவதில் என்ன பிழை?’ என்று நண்பர்கள் கேட்கிறார்கள். கேள்வி நேர்மையானது, குடியை நிறுத்தியவர்களில் சிலர் முகவீக்கம் வடிந்ததைக் கண்டு ஊக்கம் பெறுவதும் உண்மை. அந்த மகிழ்ச்சியை அவர்களிடமிருந்து பறிக்க எனக்கு விருப்பமில்லை. ஆனால் தன் முகத்தைக் கண்டு ஒருவர் பெறும் ஊக்கமும், பிறர் முகத்தைக் காட்டி நாம் ஊட்டும் அருவருப்பும் ஒன்றல்ல. அருவருப்பு மனிதரைச் சிகிச்சைக்குக் கொண்டுவருவதில்லை; ஒளியச் செய்கிறது. அதே 2019ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு சொல்வது, மதுவுக்கு அடிமைப்பட்டவர்களில் ஏறத்தாழ 38 பேருக்கு ஒருவரே ஏதேனும் ஒரு சிகிச்சையைப் பெற்றிருக்கிறார் என்பது. மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெற்றவர் 180 பேருக்கு ஒருவர். எஞ்சிய முப்பத்தேழு பேருக்கு மருத்துவர் இல்லை, பணம் இல்லை, விடுப்பு இல்லை. இவற்றோடு, முகத்தைப் பார்த்த நொடியிலேயே வாசலில் நிற்பவர் தீர்ப்பெழுதிவிடுவார் என்ற கூச்சமும் சேர்ந்துகொள்கிறது. அந்தக் கூச்சத்தைத் தடிப்பாக்கும் எதையும் விழிப்புணர்வு என்று அழைக்க நான் உடன்படேன்.

அப்படியானால் எதைப் பேசுவது? பேச நிறைய இருக்கிறது. மதுவால் வரும் புற்றுநோய்களின் பெயர்களைப் பேசலாம். பளிச்சென்ற முகமுள்ளவரும் கல்லீரல் ஆய்வு செய்துகொள்ளலாம் என்று சொல்லலாம். நெடுநாள் மிகுதியாகக் குடித்தவர் திடீரென்று தாமாக நிறுத்தினால் வலிப்பும் உயிராபத்தும் நேரக்கூடும், ஆகவே மருத்துவ மேற்பார்வையில் நிறுத்த வேண்டும் என்ற, உயிர்காக்கும் ஒரு வரியைப் பதாகையில் அச்சிடலாம். நான் பார்த்த எந்த ‘முன்னும் பின்னும்’ காணொளியிலும் இந்த வரி இல்லை. ஆய்வுக் கட்டுரைகளில் ‘குடிகாரர்’ என்று எழுதும் இடத்தில் ‘மதுச்சார்பு உள்ளவர்’ என்று எழுதலாம். சொல் மாறினால் நோய் தீராது, எனினும் நோயாளி மனிதராகக் கணக்கில் வருவார். வகுப்பறையில் ஒரு முகத்தைக் காட்டி இது எதனால் என்று கேட்பதை நாம் நிறுத்தலாம்.

இவற்றுக்கெல்லாம் மேலாக, முகத்தை விட்டுவிட்டுப் புட்டியைப் பார்க்கலாம். 2016 ஏப்ரல் முதல் நம் நாட்டில் சிகரெட் பெட்டியின் பரப்பில் 85 விழுக்காட்டைப் படத்துடன் கூடிய எச்சரிக்கை நிறைக்க வேண்டும் என்பது விதி. மதுப்புட்டிக்கு அப்படியொரு படம் இல்லை. 2018இல் உணவுப் பாதுகாப்பு ஆணையம் வகுத்த விதிகளின்படி, மது நலவாழ்வுக்குக் கேடு, பாதுகாப்பாக இருங்கள், குடித்துவிட்டு வண்டி ஓட்டாதீர்கள் என்ற பொருளில் ஒரு பொது வாசகம் மட்டும் புட்டியில் இருக்கிறது. எந்தக் கேடு, எந்த உறுப்புக்கு என்று அதில் சொல்லப்படவில்லை. புற்றுநோய் விளைப்பது என்று 1988இலேயே வகைப்படுத்தப்பட்ட ஒரு பொருளின் சீட்டில் ‘புற்றுநோய்’ என்ற சொல்லை ஏற்ற இந்த நாட்டின் ஒரு விதியும் இதுவரை கேட்கவில்லை. மதுமீதான வரி சரக்கு சேவை வரிக்குள் வராமல் மாநிலங்களின் கைகளிலேயே இருப்பதையும், அந்த வருவாயை நம்பித்தான் பல மாநிலங்களின் நிதிநிலை அறிக்கைகள் எழுதப்படுகின்றன என்பதையும் இதனுடன் சேர்த்துப் படியுங்கள்.

செங்கல் சுமப்பவரின் கன்னத்தில் எத்தனை கோடுகள் என்று எண்ணுவது எளிது. அவர் திருப்பிக் கேட்கமாட்டார். புட்டியின் சீட்டில் ஒரு சொல் ஏன் இல்லை என்று கேட்டால் அரசும் ஆலை முதலாளியும் விடை சொல்ல வேண்டியிருக்கும். பல்கலைக்கழகத்தில் இருப்பவர்கள் எந்தக் கேள்வியைக் கேட்க வேண்டியவர்கள் என்பதை நாமே முடிவு செய்வோம்.